புல்லுக்குக் கீழே ஓடு

சர்ச்சுக்கு ஐம்பது வயதாகிறதாம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். அதில் என் வீட்டுக்காரரைப் பற்றி இரண்டு பக்கம் வேண்டுமென்று சபைச் செயலாளர் வந்து கேட்டார். கேட்டார் என்று சொல்வது மரியாதைக்கு. எழுதியே கொண்டுவந்திருந்தார். முதலில் குடியேறியவர்களில் ஒருவர், ஆலயத்துக்குத் தன் கையால் ஓடு வேய்ந்தவர், பெஞ்சில் இடமிருந்தும் வாழ்நாள் முழுக்க வாசற்படியில் உட்கார்ந்து ஆராதித்த தாழ்மையின் சிகரம் என்று. என்னிடம் வேண்டியதெல்லாம் ஒரு நல்ல போட்டோ.

சிகரமாம். அந்த மனிதர் ஏன் வாசற்படியில் உட்கார்ந்தார் என்று இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் நான். அந்தக் காகிதத்தைப் படிக்கப் படிக்க எனக்கு உடம்பு கூசியது. அவர் உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் எழுந்து கொல்லைப் பக்கம் போயிருப்பார். செயலாளரிடம் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, நானே எழுதித் தருகிறேன் தம்பி என்றேன். இதுதான் அது.

நாங்கள் இங்கே வந்தபோது பதினாறு குடும்பம். ஆற்றில் நிலத்தைப் பறிகொடுத்தவர்கள். எங்கள் சபையை நடத்திய உபதேசியார்தான் எங்கேயோ மனுப் போட்டு, யார் காலிலோ விழுந்து, முள்ளும் கல்லுமாகக் கிடந்த இந்த மேட்டை வாங்கிக் கொடுத்தார். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டிகளைச் சுற்றி நிறுத்தி நடுவில் ஜெபம் நடந்தது. அன்றைக்கு ஒரு பொருத்தனை பண்ணினோம். சர்ச்சுக்கு ஓடு ஏறும் வரை யார் வீட்டுக்கும் ஓடு ஏறக் கூடாது, அதுவரை எல்லாருக்கும் புல் கூரைதான். சம்மதம் என்றவர்கள் கையைத் தூக்கச் சொன்னார் உபதேசியார். எல்லாரும் ஒரு கை தூக்கினோம். என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கினார்.

அவருக்கு அதில் தனிச் சந்தோஷம். பதினாறு குடும்பத்தில் ஓடு வேயத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எடுத்த ஓடு உடையாத கை என்பதால் அவருக்கு 'உடையாக்கை' என்றே பெயர். ஓட்டை எடுத்து விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவார். சத்தத்தைக் கேட்டே இது வெந்தது, இது வேகாதது என்று பிரித்துவிடுவார். கூரை மேல் பூனை மாதிரி நடப்பார். அவர் காலடியில் ஓடு உடைந்து நான் பார்த்ததில்லை, யாரும் பார்த்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. வாய் பேசாத மனிதர், ஆனால் ஓட்டைப் பற்றிக் கேட்டால் பேசுவார்.

முதல் மழையில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. புது மண்ணில் அறுத்த புல்லுக்கு வலுவில்லை. எல்லா வீடும் ஒழுகியது. சட்டி, பானை, டம்ளர் என்று இருந்ததையெல்லாம் தரையில் வைத்தோம். குழந்தையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றிக்கொண்டே இருந்தேன். நெஞ்சில் சளி கட்டி நாற்பத்தொரு நாளில் போய்விட்டாள். சர்ச்சுக்குச் சுவர்கூட எழும்பவில்லை, கல்லறைக்கு ஆள் வந்துவிட்டது. முதல் குழி எங்களுடையது.

அடுத்த வருஷம் நான் மறுபடி முழுகாமல் இருந்தபோது வண்டிக்காரர் வந்து சேர்ந்தார். மனைவி, இரண்டு பெண்கள், இரண்டு மாடு, ஒரு வண்டி. எங்களோடு வந்தவர் இல்லை, ஆனால் வண்டி இல்லாமல் எங்களுக்கு ஒன்றும் நகராது. சூளையிலிருந்து சர்ச்சுக்கு ஓடு கொண்டுவந்தது அவர்தான். போக இரண்டு நாள், வர மூன்று நாள், நடுவில் பாறை நிறைந்த ஒரு ஆறு. வைக்கோலுக்குள் ஓட்டைப் புதைத்து, ஆற்றில் மாட்டுக்கு முன்னால் தானே இறங்கி நடந்து கொண்டுவருவார். மூன்று நடையில் ஓடு முழுக்க வந்து சர்ச் சுவரோரம் அடுக்கியாயிற்று. சூளைக்காரர் கொடுத்த சீட்டில் எத்தனை ஓடு என்று இருந்தது. உபதேசியார் சீட்டை வாங்கி வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். எண்ணிப் பார்க்கவில்லை.

தச்சர் ஓட்டைத் தாங்கும் கைமரம் முடிக்கவில்லை. ஓடு சும்மா கிடந்தது. எனக்குப் பையன் பிறந்தான், மழையும் வந்தது.

நான் என் புருஷனை விட்டுவைக்கவில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கதையில் ஒரு வரிகூட எழுத எனக்கு உரிமை இல்லை. ஒழுகிற வீட்டில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை அவரை அரித்தேன். "அங்க ஓடு சும்மா கெடக்கு. கடவுளுக்கு நனைஞ்சா சளி பிடிக்குமா? ஒண்ண மண்ணுக்குள்ள வச்சாச்சு, இவனையும் வைக்கணுமா, சொல்லுங்க." மறுநாள் மத்தியானம் அவர் புல் அறுக்கப் போனார்.

புல்லுக் கட்டோடு வந்தார். கட்டுக்குள் ஆறு ஓடு இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள், பட்டப்பகலில், ஊரே பார்க்கப் புல்லுக் கட்டு சுமந்துவந்தார். யாருக்கு என்ன சந்தேகம் வரும்? கூரை ஒழுகுகிறது, மனிதர் புல் சுமக்கிறார். தொட்டில் கட்டியிருந்த மூலையில் கூரையைப் பிரித்து, குச்சிகளை நெருக்கிக் கட்டி, ஒரு கட்டில் அகலத்துக்கு ஓட்டை அடுக்கி, அதன் மேல் பழையபடி புல்லை வேய்ந்துவிட்டார். வெளியே நின்று பார்த்தால் புல். உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தால் சிவப்பாகத் தெரியும். அதற்கு ஒரு சாக்கைக் கட்டி மறைக்கிறேன் என்றார், மறைக்கவேயில்லை. அவருக்கு அது அப்போது திருட்டாகத் தோன்றவில்லை, கடன் என்றுதான் நினைத்தார். மழை முடிந்ததும் இதே புல்லுக் கட்டில் திருப்பிக் கொண்டுபோய் அடுக்கிவிடுவதாகச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். அந்த மூலையில் ஒரு சொட்டு விழவில்லை. பையன் தூங்கினான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக நானும் தூங்கினேன்.

அன்றிலிருந்து யாரையும் வீட்டுக்குள் விடவில்லை. பிள்ளைக்குக் கண் பட்டுவிடும் என்று நான் பயப்படுவதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். உபதேசியார் அதைக் கேள்விப்பட்டு, விசுவாசிகள் இந்த மாதிரி மூடநம்பிக்கையெல்லாம் வைத்துக்கொள்ளலாமா என்று வாசலில் நின்று அரை மணி நேரம் எனக்குப் புத்தி சொன்னார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். அவரையும் உள்ளே கூப்பிடவில்லை.

மழை நடுவில் இரண்டு வாரம் விட்டது. எங்கள் கெட்ட நேரம், தச்சர் கைமரத்தை முடித்துவிட்டார். வெயில் அடிக்கும்போதே வேய்ந்துவிடலாம் என்று எல்லாரும் துடித்தார்கள். என் வீட்டுக்காரர் ஏறினார். கீழேயிருந்து ஆட்கள் வரிசையாக நின்று ஓட்டைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்தார்கள். வடக்குப் பக்கம் கடைசி இரண்டு வரிசைக்கு ஓடு இல்லை. உபதேசியார் சீட்டை எடுத்தார், வேய்ந்ததை எண்ணினார்கள். எழுபதுக்கு மேல் குறைந்தது.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். கூரை மேல் நின்றவரைப் பார்த்து, வேயும்போது எத்தனை உடைந்தது என்று கேட்டார்கள். ஒரு எழுபது உடைந்தது என்று சொல்லியிருந்தால் போதும். பாவம், சூளை சரியில்லை என்று விட்டிருப்பார்கள். இன்னொரு நடை ஓடு வந்திருக்கும், கதை அங்கேயே முடிந்திருக்கும். என் வீட்டுக்காரர் கூரை மேல் நிமிர்ந்து நின்று, "ஒண்ணுகூட உடையல" என்றார்.

மனசாட்சிக்கு முன்னால் தொழில் பேசிவிட்டது. அந்தக் கையைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அதற்குள் எல்லார் கண்ணும் வண்டிக்காரர் பக்கம் திரும்பிவிட்டது. உடையவில்லை என்றால் வந்து சேரவில்லை. வந்து சேரவில்லை என்றால் வழியில் போயிருக்கிறது.

வண்டிக்காரர் ஏற்றினதை எல்லாம் இறக்கினேன் என்று மட்டும் சொன்னார். சத்தம் போடவில்லை, சத்தியம் பண்ணவில்லை. அதுவே தப்பாகப் போயிற்று. நிரபராதி என்றால் குதிக்க மாட்டானா என்றார்கள். எங்களில் ஒருவராக இருந்திருந்தால் இன்னொரு தடவை எண்ணியிருப்போம், இன்னொரு தடவை கேட்டிருப்போம். அவர் பின்னால் வந்தவர். குறைந்த ஓட்டை அவரே மறுபடி கொண்டுவர வேண்டும், உண்மையைச் சொல்லும் வரை குடும்பத்தோடு சர்ச்சுக்கு வெளியே உட்கார வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த முடிவுக்கும் கை தூக்கினோம். என் வீட்டுக்காரர் இந்தத் தடவை ஒரு கைதான் தூக்கினார், அதுவும் தோள் வரைக்கும்தான். நான் முழுசாகத் தூக்கினேன்.

மழை திரும்பி வந்த அன்று வண்டிக்காரர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் சின்னவள், கையைப் பிடித்துக்கொண்டு பெரியவள். நான் வாசலை மறைத்து நின்றேன்.

"அக்கா, அண்ணன் ஒரு வார்த்த சொன்னா எல்லாரும் கேப்பாங்க. கொஞ்சம் உடைஞ்சதுன்னு சொல்லச் சொல்லுங்க. அது போதும்."

பார்க்கலாம் என்றேன். அவள் போகவில்லை. மழை வலுத்துவிட்டது. எங்கள் கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் நேராக அந்தச் சின்னவள் தலையில் ஊற்றியது.

"புள்ள நனையுதுக்கா. மழை விடுற வரைக்கும் உள்ள நிக்கட்டுமா?"

"தம்பி தூங்கறான்" என்றேன்.

இவ்வளவுதான் சொன்னேன். உள்ளே என் பிள்ளை எழுபது ஓட்டுக்குக் கீழே நனையாமல் தூங்கிக்கொண்டிருந்தான். நெஞ்சில் சளி கட்டினால் ஒரு குழந்தை எப்படி மூச்சு விடும் என்று அந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் நான். அவள் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையைச் சின்னவள் தலையில் போட்டு மூடிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். பெரியவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். இதை நினைக்காத ஒரு மழை நாள் எனக்கு இந்த ஐம்பது வருஷத்தில் கிடையாது.

என் வீட்டுக்காரர் இரண்டு தடவை சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினார். இரண்டு தடவையும் நான்தான் நிறுத்தினேன். பையனைத் தூக்கி அவர் முன்னால் நீட்டி, சொல்லிவிட்டு வந்து இவனையும் தூக்கிக்கொண்டு வெளியே உட்காரலாமா என்று கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கோழை என்று யாராவது சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி நான்.

பிரதிஷ்டை நாள் வந்தது. வண்டிக்காரர் கொண்டுவந்த புது ஓட்டால் கடைசி இரண்டு வரிசையும் மூடியாயிற்று. உள்ளே எள் போட்டால் எள் விழாத கூட்டம். வண்டிக்காரர் குடும்பம் வாசலுக்கு வெளியே. பெரியவளுக்கு அப்போது பதினொரு வயது. அவள் வயசுப் பிள்ளைகள் எல்லாம் உள்ளே பாட்டுக்கு நின்றார்கள், அவளுக்கும் அந்தப் பாட்டு முழுக்கத் தெரியும். வெளியே நின்று வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

பாட்டு முடிந்ததும் வண்டிக்காரர் வாசற்படி வரை வந்து நின்றார். "தப்பு செஞ்சது நான்தான்" என்றார். "ஆத்துல ஓடு சரிஞ்சு உடைஞ்சிடுச்சு. பயந்துபோய் அங்கேயே போட்டுட்டேன். பொய் சொன்னதுக்கு மன்னிக்கணும். எம்பிள்ளைங்களை உள்ள விடுங்க."

செய்யாத குற்றம். நின்ற இடத்தில் கோர்த்துச் சொன்ன பொய். அதை நம்பி சபையே அழுதது. உபதேசியார் ஓடி வந்து கட்டிக்கொண்டார். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். பெரியவளை இழுத்துப் பாட்டுக் கூட்டத்தில் நிறுத்தினார்கள். இந்த ஓட்டால் ரொம்ப மனவருத்தப்பட்டவர் நம்ம உடையாக்கைதான், அவரே வந்து இவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போகட்டும் என்றார் உபதேசியார்.

என் வீட்டுக்காரர் எழுந்து போனார். கையைப் பிடித்தார். இரண்டாவது பெஞ்சில் நான் இருந்தேன், அவர்கள் என்னைத் தாண்டும்போது வண்டிக்காரர் தணிந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது: "என்னால உங்க வேலைக்குக் கெட்ட பேர் வந்திருக்கும்ணே. மன்னிச்சுக்கங்க."

அவரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் தன் இடத்துக்கு வரவில்லை. நேராக நடந்து போய் வாசற்படியில் உட்கார்ந்தார். சாகும் வரை அங்கேதான் உட்கார்ந்தார். முதலில் ஏன் என்று கேட்டார்கள், அவர் பதில் சொல்லாததால் தாழ்மை என்று பெயர் வைத்துவிட்டார்கள். வருஷம் ஆக ஆக அந்தத் தாழ்மைக்குப் புகழ் கூடியது. வெளியூரிலிருந்து வருகிற பாதிரி ஐயர்மார் அவரைக் காட்டிப் பிரசங்கம் பண்ணினார்கள். அவர் தலையை முழங்காலுக்குள் விட்டுக்கொள்வார், அதையும் தாழ்மை என்றார்கள். இப்படி ஒரு தண்டனையை யாராலும் திட்டம் போட்டுக் கொடுத்திருக்க முடியாது.

எழுத உட்காருவதற்கு முன், காகிதம் கொண்டுவந்த அன்றைக்கே இதையெல்லாம் செயலாளரிடம் வாயாலேயே சொன்னேன். பேனாவை மூடிவிட்டார். ரெண்டு பேருமே போய்ச் சேர்ந்தாச்சு, எதுக்கும்மா இப்ப, வண்டிக்காரர் வீட்டிலேயே அதை மறந்துவிட்டார்கள் என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். போன மாதம் பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்து ஒரு ஓடு சரிந்து விழுந்தபோது, வண்டிக்காரர் பேரன் இந்தப் பக்கம் வந்தானா என்று ஒருத்தர் கேட்டார், பத்துப் பேர் சிரித்தார்கள். செயலாளரும் அங்கே இருந்தார். அதைச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஆறியது. ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் நானும்தான் இருந்தேன். நான் சிரிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் நேற்று பெரியவளைப் பார்க்கப் போனேன். அவளுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஒரு மெஷின், ஒரு வெட்டுப் பலகை, கொடியில் பாதி முடிந்த பள்ளிக்கூடச் சட்டைகள். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, வாங்க பெரியம்மா, ஜாக்கெட் தைக்கணுமா என்றாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டேன், நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரியும். புல்லுக் கட்டிலிருந்து தொடங்கி, அவள் அம்மாவை மழையில் நிற்க வைத்தது வரை எல்லாம் சொன்னேன். பாதி வரை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லார் முன்னாலும் எழுந்து சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். திட்டியிருக்கலாம். அவள் ஊசியில் மாட்டியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அப்பா செஞ்சார்னுதான் நாங்க நெனச்சோம் பெரியம்மா. அவரே சொன்னாரே. அம்மாவும் நம்புனாங்க, நாங்களும் நம்புனோம். கல்யாணம் ஆகிப் போனப்புறம் நான் அவர்கிட்ட சரியாப் பேசினதே இல்ல. என் வீட்டுக்காரர் முன்னாடி தலை காட்ட முடியலன்னு கோவம்."

அவள் துணியை ஊசியிலிருந்து உருவி மடியில் போட்டுக்கொண்டாள்.

"அப்பா போறதுக்கு நாலு நாள் முன்னாடி பக்கத்துல உக்காந்து, 'அப்பா, நீங்க செஞ்சத நாங்க ரெண்டு பேரும் மன்னிச்சிட்டோம், நிம்மதியா இருங்க'ன்னு சொன்னேன். பெரிய மனசு பண்ற மாதிரி சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"'சரிம்மா'ன்னாரு."